பெரிய வித்வானுக்குச் சொந்தமாகிவிட்ட என் மனைவியின் வாசிப்பு

இன்று காலை முத்தியால்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, பாப்பா வயலின் வாசிக்கிற வீடியோ காணோமே. நீங்க எடுத்துட்டீங்களா?"

நான் எடுக்கவில்லை. தை மாதம் இறந்துபோன என் மனைவியின் பெயரில் இணையத்தில் இருந்தது அது ஒன்றுதான். நேற்றுதான் ஏற்றினேன். திறந்து பார்த்தால், இது அந்தப் பெரிய வயலின் வித்வானின் வாசிப்பு, அதனால் முடக்கிவிட்டோம் என்று அறிவிப்பு. மாமியாரிடம் படித்துச் சொன்னேன்.

"அவரு போயி எவ்ளோ வருஷமாச்சு! இன்னுமா கேஸ் போடறாரு?"

"அவரு இல்ல அத்த, மிஷினு. ரெண்டு வாசிப்பையும் ஒப்பிட்டுப் பாத்து ஒண்ணுதான்னு சொல்லுது."

மாமியார் சொன்னார்: "அப்ப நம்ம பாப்பா பாஸாயிட்டான்னு சொல்லுங்க."

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. வித்வானுடைய ஒரு பதிவையே வருடக்கணக்கில் கேட்டு, கமகத்துக்குக் கமகம் அப்படியே பிடித்தவள் அவள். ஆனால் நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆட்சேபணைப் படிவத்தில் காரணம் கேட்ட இடத்தில் இப்படி எழுதினேன்:

"நாலாவது நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கும். வாசிப்பவர் வில்லை நிறுத்தாமலே என்னிடம் சொல்வார்: 'டேய், மூணு வந்தாச்சு, அடுப்ப அணைடா.'"

வித்வானின் பதிவு எதிலாவது இது இருந்தால் சொல்லுங்கள் ரசிகர்களே, ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.