ஒரு தட்டுக்கு மிதி, இரண்டு தட்டுக்கு விடு

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரகடம் டீக்கடையில் டிரைவர்கள் அந்தப் பேச்சை ஆரம்பித்தால், கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். என் தொழில் அப்படி. பெரிய லாரிகளில் எங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கிறவன் நான். சத்தம் வந்தால் ஓட்டை இருக்கும், ஓட்டை இல்லாமல் சத்தம் வராது. பதினேழு வருடமாக இந்த ஒரு நம்பிக்கையில்தான் சோறு தின்கிறேன். அதனால் நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும்தான் சிரிப்பேன்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் பன்னிரண்டு மணி. இருட்டு, மழை, நாய் ஊளை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள், மண்டை பிளக்கிற வெயில். வாலாஜாபாத்துக்காரன் ஏகாம்பரம் போன் பண்ணியிருந்தான். கார் ஏற்றிப்போகும் நீள டிரெய்லர் ஓட்டுகிறவன். பிரேக் மிதித்தால் காற்று இறங்குகிறது, மூன்று மணிக்கு லோடு ஏற்ற வேண்டும், கொஞ்சம் வாண்ணா என்றான். லாரி நிறுத்துகிற சிமெண்டுத் தரை மைதானத்தில் அவன் வண்டி மட்டும் தனியாக நின்றது. ஒரு மணிக்குச் சாப்பிட வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அந்த வண்டியில் பிரேக் பிடிப்பதும் காற்று, டிரெய்லரின் உடம்பைத் தாங்கி நிற்பதும் காற்று. அடியில் இருக்கும் ரப்பர் பைகளில் காற்று இருக்கும்வரை உடம்பு உயரமாக நிற்கும், காற்றை விட்டால் தரையை ஒட்டி இறங்கிவிடும். ஏற்றி இறக்க வண்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. யாராவது அதைத் திருப்பினால்தான் இறங்கும். இருந்தாலும் அடியில் படுக்கிறவன் முதலில் மரக்கட்டை வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஐந்து நிமிட வேலைக்குக் கட்டை எதற்கு என்ற திமிர்தான், வேறென்ன.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. என்ஜினை அணைத்தால்தான் கசிவு காதில் விழும். டிரைவர் கேபினில் உட்கார்ந்திருப்பான், மெக்கானிக் அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் சட்டத்தில் தட்டுவான். ஒரு தட்டுக்கு பிரேக்கை மிதிக்க வேண்டும், இரண்டு தட்டுக்கு விட வேண்டும். மூன்று தட்டினால் ஏதோ ஆபத்து, இறங்கி ஓடிவர வேண்டும். அடியில் கிடந்து கத்தினால் மேலே ஒரு மண்ணும் கேட்காது, அதனால்தான் இந்தத் தட்டு.

காற்று டேங்கில் என் மீட்டரை மாட்டினேன். எட்டு கிலோ அழுத்தம் காட்டியது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனேன். ஒரு தட்டு, மிதித்தான். இரண்டு தட்டு, விட்டான். ஒவ்வொரு இணைப்பாக சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். எங்கும் நுரை இல்லை. இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு தடவை தட்டியிருப்பேன், ஒரு தடவைகூடத் தப்பாமல் மிதித்தான். பரவாயில்லையே, பையன் இன்று போனை நோண்டாமல் உட்கார்ந்திருக்கிறானே என்றுகூட நினைத்தேன்.

அப்போது என் நெஞ்சில் ஏதோ பட்டது. டிரெய்லரின் குறுக்குச் சட்டம். இறங்கிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், காற்று போகிற சத்தம் துளிகூட இல்லை. அந்தப் பைகளிலிருந்து காற்றை விட்டால் தெருக்கோடிவரை கேட்கும். எனக்குக் கேட்கவில்லை, எனக்கு! நகரப் பார்ப்பதற்குள் முதுகின் கீழே பலகையின் சக்கரம் நசுங்கி உடைந்தது. சட்டம் நெஞ்சை அழுத்தி நின்றது. பாதி மூச்சுதான் இழுக்க முடிந்தது, விட்ட மூச்சைத் திரும்பப் பிடிக்க இடமில்லை. போன் வெளியே டூல் பெட்டியில் கிடந்தது.

கையில் ஸ்பேனர் இருந்தது. மூன்று தட்டினேன். ஏகாம்பரம் குதித்து வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பதில் பிரேக் புஸ், புஸ், புஸ் என்று மூன்று முறை பிடித்தது, விட்டது. கோபம் தலைக்கேறியது. சாகக் கிடக்கிறேன், விளையாடுகிறான் நாய் என்று நினைத்து மறுபடி தட்டினேன், ஐந்தோ ஆறோ, கணக்கில்லாமல். அத்தனை முறையும் அதே கணக்கில் பதில் வந்தது. என் கண்ணுக்கு நேரே மீட்டர் தொங்கியது. என்ஜின் ஓடினால்தான் டேங்கில் புதுக் காற்று ஏறும், ஓடாத வண்டியில் இத்தனை தடவை மிதித்தால் முள் இறங்கியே ஆக வேண்டும். முள் எட்டில் நின்றது, அசையவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் உண்மையாகப் பயந்தேன். மேலே இருப்பது ஏகாம்பரம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்பேனரைக் கீழே விட்டுவிட்டேன். இனி தட்டக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வீட்டில் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும், மனைவி இன்னும் சாப்பிடாமல் காத்திருப்பாள் என்று நினைத்து அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கைப்பிடி திரும்புகிற 'டக்' சத்தம் கேட்டது. கைப்பிடி இருக்கும் பக்கம்தான் என் முகம். வெயில் அடிக்கிற சிமெண்டுத் தரை முழுதாகத் தெரிந்தது. அங்கே ஒரு காலும் இல்லை, நிழலும் இல்லை. சட்டம் மெதுவாக மேலே ஏறியது. எப்படிப் புரண்டு வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள், முழங்கை இரண்டிலும் தோல் இல்லை.

கேபினில் யாரும் இல்லை. கால் மணி நேரம் கழித்து ஏகாம்பரம் பிரியாணிப் பொட்டலத்தோடு மைதானத்து கேட் பக்கமிருந்து நடந்து வந்தான். சட்டையைப் பிடித்து உலுக்கினேன், சொல்லாமல் எங்கேடா போனாய் என்று.

அவன் பயந்துவிட்டான். "இன்னாண்ணா நீ, சொல்ட்டுத்தானே போனேன்? நீ அடியில பட்த்த ஒடனே குனிஞ்சி சொன்னேன், பிரியாணி வாங்கியாறேன், அதுவரைக்கும் வெளிய வந்து குந்துன்னு."

என் காதில் எதுவும் விழவில்லையே என்றேன்.

"கேக்காமயா பதில் சொன்ன? 'போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்'னு அடியிலேர்ந்து கொரல் குட்த்தியே. ஒன் கொரல்தாண்ணா."

அடியில் இருந்தபோது நான் வாயே திறக்கவில்லை. அவன் போனதுகூட எனக்குத் தெரியாது. அதைச் சொன்னதும் அவன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, குனியலாமா வேண்டாமா என்று டிரெய்லரையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் இரண்டு பேருமே குனியவில்லை.

அந்த வண்டியில் அன்றோடு காற்று இறங்குவது நின்றுவிட்டது. நான் எந்த ஓட்டையையும் அடைக்கவில்லை. இன்னும் இதே வேலைதான் பார்க்கிறேன், வேறு வேலை தெரியாதே. கட்டை வைக்காமல் அடியில் போவதில்லை. வீட்டில்தான் ஒரு சங்கடம். காலையில் நான் கிளம்பும்போது, "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், அவள்தானா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.