மைனி போட்ட ராச்சோறு

மகளின் வலது கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் இல்லாத சந்தன சோப்பின் மணம் முதலில் வந்தது. அதற்கு அடியில், விரலிடுக்கில், நெத்திலிக் கருவாடு. அந்த வாரம் நான் கருவாடே வாங்கவில்லை. சமையலறை விளக்கின் கீழே அவள் கையைப் பிடித்தபடி நின்றேன். தட்டில் நான் வைத்த கோதுமை தோசை ஓரம்கூடக் கிள்ளப்படாமல் ஆறிப்போயிருந்தது. அவளுக்கு அப்போது ஐந்து வயது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. "அத்தை வீட்டுல சாப்பிட்டியா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அம்மாட்ட சொன்னா இனிமே தர மாட்டேன்னு அத்தை சொன்னாவ."

அத்தை என்று அவள் சொன்னது என் கணவரின் அக்காவை. நான் மைனி என்று கூப்பிடுவேன். கோவில்பட்டியில் மைனியின் கணவருக்குச் சொந்தமாக ஒரு சிறிய தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். என் கணவர் அங்கே ஆர்டர் பிடிக்க வெளியூர் போகிறவர். மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் லாரியிலும் கழியும். பி.காம். படித்திருந்த என்னை, மூத்தவளைப் பள்ளியில் சேர்த்த வருஷம், பண்டல் கணக்கு எழுத வரச் சொன்னார்கள். பிள்ளைகளை ஆபீசுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வருஷங்களில் தீப்பெட்டி ஆபீசில் ஒரு சின்னப் பிள்ளையின் தலை தெரிந்தால் போதும், வேலைக்கு வைத்திருப்பதாகச் சோதனைக்கு வருகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதனால் மகளும் அவளுக்கு இளையவனும் சாயங்காலம் மைனி வீட்டில் இருப்பார்கள். ஆபீசுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். வேலை முடிந்ததும் நான் போய்க் கூட்டி வருவேன். எல்லாருக்கும் வசதி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் இரண்டு பிள்ளைகளும் பசி என்று நிற்பார்கள். அதுதான் வழக்கம். என் உடம்பில் தீக்குச்சி மருந்தின் நெடி இருக்கும். குளித்துவிட்டு அடுப்புப் பக்கம் போவதற்குள் இளையவன் அழத் தொடங்கிவிடுவான். ஆகவே சீக்கிரம் ஆகிற சமையலாகவே என் புத்தி ஓடும். வாரப் பத்திரிகைகளோடு வரும் இணைப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் பத்து நிமிட இரவு உணவு என்று போட்டுக் காளானும் பனீரும் கேட்பார்கள். எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டியில் கத்தரிக்காயும் சீனியவரைக்காயும்தான் இருக்கும். மழை பொய்த்த வருஷங்கள் அவை. கரிசல்காடு வெடித்துக் கிடந்தது, காய் விலை ஏறிக்கொண்டே போனது. புத்தகத்தை மூடிவிட்டு நானே ஒன்றைக் கண்டுபிடிப்பேன்.

கோதுமை மாவைக் கரைத்துச் சின்ன வெங்காயம் வதக்கிக் கொட்டி ஊற்றினால் தோசை. பாசிப்பருப்பையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு, நாலு பல் பூண்டும் சீரகமும் ஒரு உருளைக்கிழங்கும் சேர்த்துக் குக்கரை மூடினால் பருப்புச் சோறு. மத்தியானம் மிஞ்சிய சோற்றில் முட்டையை உடைத்து ஊற்றி மிளகுத்தூள் தூவினால் இன்னொன்று. ஒன்றுமே ஓடாத நாளில் மோர்ச் சோறும் தொட்டுக்கொள்ளக் காராச்சேவும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில், எந்தச் சமையலுக்குக் கழுவப் பாத்திரம் குறைவு என்றுதான் முதலில் பார்ப்பேன். இதெல்லாம் மோசமான சாப்பாடு இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். இப்படி எழுதும்போதே, காய் கொஞ்சம் அதிகம் போட்டிருக்கலாமோ என்று தோன்றிவிடுகிறது. அந்தச் சந்தேகத்தை என் மனசில் ஊன்றியவர் மைனி.

கடைக்குப் போகிற வழியில் வருவதுபோல எங்கள் வீட்டுக்குள் நுழைவார். நேராக அடுப்படிக்கு வருவார். மூடியைத் தூக்குவார். ஒருநாள் நான் மைதா தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். மைதா மாவைக் காய்ச்சித்தான் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப் பசை செய்வார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தத்தையும் கலப்பார்கள். மைனி மாவுப் பாத்திரத்துக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"ஏட்டி, ஆபீசுல பசை காய்ச்சுத மாவையா பிள்ளையளுக்குச் சுட்டுப் போடுத?"

"கடையில வாங்குன மைதா மைனி."

"கடையில வாங்குனாலும் பசை பசைதான. வயித்துல போய் ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். அதான் மூத்தவ மூங்கில்குச்சி கணக்கா இருக்கா."

மறுநாள் ஆபீசில் லேபிள் ஒட்டும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "அக்கா, இங்கன ஒரு சட்டி மிச்சம் இருக்கு, ராவைக்குக் கொண்டு போறீயளா?" என்று ஒருத்தி பசைச் சட்டியைக் காட்டினாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? சம்பளம் தருகிற வீடு அது. அதன்பிறகு நான் மைதா வாங்கவில்லை.

மகள் ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளத் தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் கழித்து. முதலில் ஒரு வாய், பிறகு அதுவும் இல்லை. இளையவன் சாப்பிட்டான்; அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கெஞ்சினேன், கதை சொன்னேன், ஒரு தடவை முதுகில் ஒன்று வைத்தேன். பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பசி எடுக்க டானிக் எழுதிக் கொடுத்தார். பாட்டில் காலியானதும் திரும்பப் போனேன். டாக்டர் அவளை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, பிள்ளை காத்தைக் குடிச்சா எடை கூடுது? எங்கயோ நல்லாச் சாப்பிடுதாம்மா" என்றார். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். என் டானிக்கைக் குடித்துவிட்டுப் பசியோடு மைனி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மைனி சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் பேச ஆரம்பித்தார். ஒரு சடங்கு வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "பெத்தவ ஆக்குத சோறு மூத்தவளுக்கு இறங்க மாட்டேங்குது. படிச்ச பிள்ளைக்குக் கரண்டி பிடிக்க நேரமில்ல. நானே வச்சுக்கிடலாம்னு இருக்கேன்." மைனிக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள், வளர்ந்தவர்கள். பெண் பிள்ளை இல்லாத குறை அவருக்கு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். முழுப்பரீட்சை லீவு முடிந்ததும் மகள் அவர் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று என் கணவரிடமும் சொல்லிவிட்டார். கணவர் என்னிடம் வந்து, "அக்கா ஆசையாத்தான கேக்கா. பள்ளிக்கூடத்துக்கும் அங்கேருந்து பக்கம். பிள்ளை நல்லா சாப்பிடவாவது செய்யும்லா" என்றார். நான் முடியாது என்று சொன்னேன். ஆனால் என் குரலில் பலம் இல்லை. நான் ஆக்கிப் போடுவதைத் தின்னாத பிள்ளையை எந்த முகத்தோடு பிடித்து வைத்துக்கொள்வது?

அப்படி ஒரு நிலையில்தான் அந்தக் கையை மோந்து பார்த்தேன். ஆசைக்கு ஒரு வாய் ஊட்டினார் என்றால் எனக்கு வருத்தம் வந்திருக்காது. தினமும் அவளை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டு வயிறு முட்டப் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, வாயையும் கட்டி அனுப்பிவிட்டு, பிள்ளை வீட்டில் சாப்பிடுவதில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். போய்ச் சண்டை போட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "பிள்ளைக்குச் சோறு போட்டது ஒரு குத்தமாட்டி?" என்பார். எல்லாரும் அவர் பக்கம் நிற்பார்கள். நியாயம்போலத்தான் இருக்கும்.

மறுநாள் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரமே ஆபீசிலிருந்து கிளம்பினேன். வீட்டுக்குப் போய்ப் பருப்புச் சோறு வைத்தேன். ஒரு கரண்டி நெய் விட்டுக் கிளறித் தூக்குச்சட்டியில் போட்டு மூடினேன். இரண்டு தட்டு, ஒரு செம்பு, குடிக்கத் தண்ணீர் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு மைனி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்து, நம் சட்டியைத் திறந்து, நம் தட்டில் நம் சோற்றை வைத்து உண்பது, அந்த வீட்டுத் தண்ணீரையும் தொடாமல் எழுந்து வருவது, வாசலில் நின்று ஏசுவதைவிட மோசம். அந்த வீட்டோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். தெரிந்துதான் போனேன்.

மைனி வீட்டு முன்கூடத்தில் எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து தட்டுகளை வைத்தேன். தூக்குச்சட்டி மூடியைத் திறந்த சத்தம் கேட்டு மைனி உள்ளேயிருந்து வந்தார்.

"என்னட்டி இது, சட்டியும் கையுமா? எங்க வீட்டுல சோறு இல்லைன்னு எவ சொன்னா?"

"பிள்ளையளுக்குச் சாப்பிட நேரமாச்சு மைனி."

"நேரமானா இங்க அடுப்பு அணைஞ்சா கிடக்கு?"

"எரியுது மைனி. தெனமும் எரியுதுன்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது."

எதிர்வீட்டு அக்காவின் கை பூவில் அப்படியே நின்றது. மைனி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையை, காட்டிக் கொடுத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். எவர்சில்வர் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் கொண்டுவந்து, நான் வைத்த தட்டுக்குப் பக்கத்தில் நங்கென்று வைத்தார்.

"ஏ பிள்ளை, இங்கன வந்து உக்காரு. ஒனக்கு எது இறங்குதோ அதைத் தின்னு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

இளையவன் வந்து என் மடியில் சாய்ந்து, அவன் தட்டில் கை வைத்தான். மகள் இரண்டு தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அத்தையின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தாள். அத்தையைப் பார்த்தாள். மறுபடி என் தட்டு. மறுபடி அந்தத் தட்டு.

"ஆத்தி, ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடுதா பாரு!" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. போதும் என்று நானும் சொல்லவில்லை, மைனியும் சொல்லவில்லை. கன்னம் உப்ப மென்றுகொண்டே, கண்ணில் தண்ணீர் நிற்க, இரண்டு தட்டையும் காலி செய்தாள். தெருவில் வரும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டு பேரும் ஏச மாட்டீங்கள்லாம்மா?"

அதன்பிறகு அவளை நான் மைனி வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த வாரமே பண்டல் கணக்கு எழுதுவதை விட்டேன். கணவர் மட்டும் கொஞ்ச நாள் அங்கே போய்க்கொண்டிருந்தார்; பிறகு அவருக்கும் வேறு வேலை கிடைத்தது. மைனி இப்போதும் விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்தால், "என்னட்டி, தூக்குச்சட்டி கொண்டு வரலையா?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார். கேட்கட்டும். வயசாகிவிட்டது, ஆசையில் செய்தார், மன்னித்துவிடு என்று என் அம்மாகூடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இன்று மகளுக்குப் பத்து வயது. சாயங்காலம் நான் அடுப்படியில் நின்று, "ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்பேன். இளையவன் கேட்ட மாத்திரத்தில் ஏதாவது ஒன்றைக் கத்துவான். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் களைத்திருக்கிறேனா, கோபமாக இருக்கிறேனா, எதைச் சொன்னால் எனக்குச் சுளுவு என்று பார்ப்பாள். பார்த்துவிட்டு, "எதுன்னாலும் சரிம்மா" என்பாள். நல்ல பிள்ளை, பிடிவாதமே கிடையாது என்று வருகிறவர்கள் மெச்சுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் மைனி அந்தத் தட்டை நங்கென்று வைத்த சத்தம் கேட்கிறது.

போன வாரம் ஒருநாள் வழக்கம்போல் கேட்டேன். "எதுன்னாலும் சரி" என்றாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். "இப்ப சொல்லு, ஒனக்கு என்ன வேணும்?" என்றேன். என்னைச் சுற்றி வந்து முகத்தைப் பார்க்க முயன்றாள், நானும் திரும்பிக்கொண்டேன். "ஏ, சொல்லேன், எனக்குப் பசிக்கி" என்று இளையவன் கத்தினான். பின்னாலிருந்து, யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்பதுபோல ஒரு குரல் வந்தது.

"பூரி."

மாசக் கடைசி. எண்ணெய் டின்னைச் சாய்த்துப் பார்த்தேன், அடியில் நனைவுதான் இருந்தது. பூரி சீக்கிரமும் ஆகாது, மலிவிலும் முடியாது. முகத்தைத் திருப்பாமலே சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ரூபாயை அவிழ்த்துப் பின்பக்கமாக நீட்டி, இளையவனை எண்ணெய் வாங்கக் கடைக்கு ஓடச் சொன்னேன்.