அலுமாரி என்று சொல்லாத மூன்று நாள்

பேத்தி கைபேசியில் ஸ்பானிய மொழி படிக்கிறாள். காலையிலிருந்து இருபத்திரண்டு சொற்கள். இருபத்துமூன்றாவதாக அது 'அர்மாரியோ' என்றதும் நிமிர்ந்து பார்த்தேன்.

எட்டு வயதில் அந்தச் சொல்லை வகுப்பில் கேட்டேன். போர்த்துக்கேயர் நமக்குத் தந்த அலுமாரியும் ஸ்பானியரின் அர்மாரியோவும் ஆயுதம் வைக்கும் பெட்டகத்தின் லத்தீன் பெயரிலிருந்து வந்தவை, ஆயுதத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஆம்ஸ்' அவற்றுக்கு உறவு என்றார் ஆசிரியர். மேசையும் கதிரையும்கூட லத்தீன்தானாம். "சேர்ச்சில பாதிரியார் ஓதுற பாஷை" என்றும் சொன்னார்.

அப்படியானால் அவற்றைச் சொல்வதே பாவம் என்று நினைத்துவிட்டேன். தோளிலிருக்கும் மலக்குகள், அந்த வானவர்கள், ஒவ்வொரு சொல்லையும் எழுதுகிறார்களே! அன்று லுஹர் தொழுகைக்குள் அலுமாரி என்று ஒன்பது தரம் சொல்லியிருந்தேன். இனி அந்தச் சொற்களைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

மூன்றாம் நாள் தம்பி உடுப்பு அலுமாரியின் தட்டில் கால்வைத்து ஏறினான். அது முன்னால் சாய்ந்தது.

"உம்மா, அது விழுது!"

"எதுடா விழுது? பேரில்லாத சாமானா?" அடுப்படியிலிருந்து உம்மா சிரித்தா.

மூன்று தரம் 'அது' என்றேன். நான்காவதாக "அலுமாரி!" என்று கத்தினேன். உம்மா ஓடிவருவதற்குள் அது தம்பியின் காலில் விழுந்துவிட்டது.

அறுபத்தாறு வருடமாக அவன் நொண்டுகிறான். வெள்ளிக்கிழமைதோறும் மருதமுனையிலிருந்து என்னைப் பார்க்க வருவான். "காக்கா கத்தாட்டி நான் அண்டைக்கே மௌத்து" என்று அண்ணனான என்னைக் காட்டிப் பேத்தியிடம் பெருமையாகச் சொல்வான். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இருவருக்கும் வயது போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வராமல் விட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.