செய்தியில் சொல்லாத பெயர்

இரண்டாயிரம் ஆண்டை ஒட்டிய ஓர் ஆடி மாதம். ஆரணியில் எங்கள் தெருமுனை சலூனில், ஒரு கன்னம் மழித்து முடிந்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு நான் உட்கார்ந்திருந்த சாயங்காலம். எனக்கு அப்போது முப்பது வயது. உலகத்தில் பயப்படத் தக்கது எதுவும் இல்லை என்று நூலகத்துப் புத்தகங்களிலிருந்து தெரிந்துகொண்டிருந்தேன். அந்த அறிவு அன்றைக்குப் பாதி முகம் வரைக்கும்தான் தாங்கியது.

கொஞ்சம் முன்கதை சொன்னால்தான் புரியும்.

எங்களுடையது பட்டு நெசவு வீடு. நான் தறிக்கு லாயக்கில்லாதவன். நெய்து முடித்த புடவைகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் பேசி விற்பது என் வேலை. எனக்கும் தங்கைக்கும் பதிமூன்று வயது வித்தியாசம். அப்பா காலமான பிறகு பள்ளிக்கூடத்தில் அவளுக்காகக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் ஆனேன். அவள் பள்ளி விளையாட்டில் குண்டு எறியப் போய், அங்கிருந்து வேலூரில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய், பளு தூக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் தூக்கிய அதிகபட்ச எடை, ஒரு கட்டுப் புடவை. கம்பி பிடித்துப் பிடித்து அவளுடைய உள்ளங்கை காய்த்துப்போயிற்று. அந்தக் கை பட்டால் பட்டு இழை சிலும்பிக்கொண்டு வரும் என்று அம்மா அவளைத் தறியில் கட்டிய பாவுப் பக்கமே விடுவதில்லை. வீட்டில் வேலை செய்யாமல் சாப்பிட இப்படி ஒரு கௌரவமான வழி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நான் வருத்தப்பட்டதுண்டு.

பதினேழு வயதில் அவளை இந்திய அணிக்கு எடுத்தார்கள். வெளிநாட்டில், இளையோருக்கான பன்னாட்டுப் போட்டி. ஓட்டம், நீச்சல், ஹாக்கி என்று எத்தனையோ விளையாட்டுக்கு ஆட்கள் போனார்கள். பளு தூக்குகிற பெண்கள் மட்டும் நம் நாட்டிலிருந்து இரண்டே பேர். ஒருத்தி என் தங்கை. மற்றவள் மணிப்பூர்ப் பெண். பயிற்சி முகாமில் இருவருக்கும் ஒரே அறை, பொதுவான மொழி என்று ஒன்றும் கிடையாது. இவள் கொண்டுபோன பருப்புப் பொடி டப்பாவை அவள் ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டாள் என்றும், தூக்கத்தில்கூட ஏதோ பாட்டை முனகுகிறாள் என்றும் தங்கை போனில் சொல்லிச் சிரித்தாள்.

முகாம் முடிந்து, விமானம் ஏறுவதற்கு முன் சில நாள் வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கேதான் சிக்கல்.

ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். அதற்குச் சில நாள் முன்பே காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டுகிற அன்று ராத்திரி எல்லைக்குள் படுத்தவர்கள் எல்லாரும் அம்மனுக்குக் கட்டுப்பட்டவர்கள். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. தங்கினால் என்ன ஆகும் என்று யாரும் விவரமாகச் சொன்னதில்லை. சொல்லாததால்தான் அந்தப் பேச்சுக்கு அவ்வளவு பலம். தவிர்க்க முடியாமல் பயணம் போக வேண்டியவர்களுக்கு ஒரு வழி உண்டு. காப்புக் கட்டுகிற அன்று சாயங்காலமே எல்லை தாண்டி உறவுக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டால் கட்டு கிடையாது. அம்மனும் எங்களைப் போலவே பேரத்துக்குப் படிகிறவள்.

தங்கை புறப்படுவதற்கு முதல் நாள்தான் காப்பு. அந்த வழியைத்தான் அம்மாவும் சொன்னாள். பெரணமல்லூரில் பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு, விடிந்ததும் அப்படியே பஸ் ஏறட்டும். தங்கைக்கு முதுகில் சுளுக்கு; தன் படுக்கையில் தூங்கினால் போதும் என்றாள். நான் அவள் பக்கம் பேசினேன். வெறுமனே பேசியிருந்தால் பரவாயில்லை, விளக்கவுரை ஆற்றினேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவன் காப்புக் கட்டியாச்சா என்று கேட்கப்போவதில்லை என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதபோது நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது என் வழக்கம். தங்கை வீட்டிலேயே தூங்கினாள். மறுநாள் புறப்பட்டுப் போனாள்.

இனி சலூனுக்கு வரலாம்.

வானொலியில் மாநிலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் விளையாட்டு. இளையோர் போட்டியில் பளு தூக்கும்போது கம்பி விழுந்து இந்திய வீராங்கனை ஒருவர் படுகாயம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று நிதானமான குரலில் வாசித்துவிட்டு, வானிலைக்குப் போய்விட்டார்கள். வடமாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை.

ஒருவர். வீராங்கனை ஒருவர். இருந்ததே இரண்டு பேர்.

சலூன்காரர் கத்தியை என் கன்னத்திலிருந்து எடுத்தார். அவருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். தங்கை புறப்பட்டபோது மாலை போட்டவர்களில் அவரும் ஒருவர். என் கழுத்துத் துண்டை அவிழ்த்துவிட்டார். அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அணி தங்கியிருந்த இடத்தின் தொலைபேசி எண் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அதை எடுக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. உள்ளே அம்மா ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சாமி படத்துக்குப் பின்னால் கை விடுவதைப் பார்த்தாள். நான் சாமி பக்கம் போவதே அந்த வீட்டில் ஒரு விசேஷம்.

"பாதி மூஞ்சியோட எங்கடா சுத்திகினு கீற?"

கரன்ட் போய்விட்டது என்றேன். சவரக் கத்திக்கும் கரன்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் தெருவில் இருந்தேன்.

கடைத்தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத். அதை வைத்திருந்தவர் எங்கள் வட்டாரத்துத் தமிழ்ச் சமணர். எல்லாரும் நயினார் என்றே கூப்பிடுவோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு அவர் சாப்பாட்டுக்காகப் பூத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த சீட்டைப் பார்த்தார், பூட்டைத் திறந்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவர் கதவுக்கு அந்தப் பக்கம் மேசையடியில் நின்று எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரி அவர் பட்டினி என்பது எனக்கு உறைத்தது மறுநாள்தான்.

லைன் கிடைக்கவே இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் நானும் ஒரு சின்ன மின்விசிறியும். நுரை காய்ந்து கன்னத்தை இழுத்தது. அந்த நேரத்தில் என் மனம் செய்த வேலையைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு பேரில் ஒருத்தி என்றால் பாதிக்குப் பாதி என்று முதலில் கணக்குப் போட்டது. அப்புறம் தங்கையின் முதுகுச் சுளுக்கு நினைவுக்கு வந்தது, கணக்கு சரிந்தது. அப்புறம் காப்பு. பெரணமல்லூர் பஸ்ஸில் ஏறி இறங்கியிருந்தால் தீர்ந்துபோகிற விஷயம். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, தெரு அம்மனிடம், நான் பேசியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஆளை மட்டும் விட்டுவிடு என்று உதடு அசையாமல் சொன்னேன். உதட்டை அசைக்காததற்குக் காரணம், நயினார் பார்த்துவிடுவாரே என்பது. அந்தப் பயத்திலும் எனக்கு மானம் மட்டும் முழுசாக இருந்தது.

வெளியே ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். வானொலி எங்களுக்கு மட்டும் பாடவில்லையே. கூட்டம் விலக, அம்மா வந்து நின்றாள். விரலில் பட்டு இழை சுற்றியபடியே இருந்தது. அழவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று என் வாயையே பார்த்தாள்.

ஒருவழியாக மறுமுனையில் மணி அடித்தது. ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். தடிதடியான ஆங்கில நாவல்களைப் படித்து, ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தப் பெண் பேசியதில் 'ஹலோ' தவிர ஒன்றும் விளங்கவில்லை. இந்தியா, கேர்ள், வெயிட், மை சிஸ்டர் என்று நாலு வார்த்தைகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினேன். வினைச்சொல் ஒன்றுகூட வரவில்லை.

அந்தப் பெண் அடுத்துப் பேசியபோது குரல் மாறியிருந்தது. மிகவும் மெதுவாக, மிகவும் கனிவாகப் பேசினாள். அந்தக் கனிவுதான் என்னைப் பயமுறுத்தியது. நல்ல சேதி வைத்திருப்பவர்கள் இவ்வளவு கனிவாகப் பேசுவதில்லை. பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டாள். சொன்னேன். காத்திருக்கச் சொல்லிவிட்டு ரிசீவரை எங்கேயோ வைத்தாள். தூரத்தில் காலடிச் சத்தம், ஒரு கதவு, ஏதோ மொழியில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. அம்மாவைப் பார்க்கத் தைரியமில்லாமல் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரிசீவரை யாரோ எடுக்கிற சத்தம். பேச்சு இல்லை. விசும்பல். என் தங்கை சின்ன வயதிலிருந்து அப்படித்தான் அழுவாள், மூச்சை உள்ளே இழுத்து இழுத்து.

"அண்ணா, அவ மேல விழுந்துருச்சிண்ணா. முட்டி மடங்கி, கம்பி அப்டியே பின்கழுத்துல... எழுந்துக்கவே இல்லண்ணா."

நான் சொன்னேன்: "அப்பாடா."

சத்தமாகத்தான் சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நானாகத் தேடிச் சொன்ன சொல் அல்ல அது, வயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. அந்தப் பக்கம் விசும்பல் சட்டென்று நின்றது.

"இன்னாண்ணா சொல்ற?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. புரியாமல் கேட்டாள். "அவளுக்கு இன்னும் முழிப்பு வரலண்ணா. ரூம்ல அவ செருப்பு அப்டியே கெடக்குது."

பேச்சையே தொழிலாக வைத்திருப்பவன் நான். தைரியமாக இரு என்றோ என்னவோ சொன்னேன். மறுநாள் அவள் முறை. தூக்கப் பயமாக இருக்கிறது என்றாள். வேண்டாம் என்றால் தூக்காதே, வந்துவிடு என்றேன். அவள், "நானும் போய்ட்டா அந்த மேடைல நம்ம பக்கம் யாரு கீறாங்க" என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

கதவைத் திறந்து வெளியே வந்து, நம்ம பொண்ணு இல்லை, அந்த இன்னொரு பொண்ணு என்றேன். தெரு மொத்தமும் மூச்சு விட்டது. யாரோ தேங்காய் வாங்க ஓடினார்கள். சலூன்காரர் என் தோளைத் தட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டு மீறிப் போனதற்கு ஆத்தா யாரையோ பிடித்துக்கொண்டாள், நம்ம பிள்ளையை விட்டுவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் உள்ளே அதேதான் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் படித்த வார்த்தைகளில்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்கு வெச்சத இன்னொருத்தி பொண்ணு மேல மாத்திப் போடறவளா அவ? அப்டி ஒரு சாமி எனக்கு வாணாம்."

தேங்காயோடு வந்தவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அம்மா என் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணின் வீட்டு நம்பர் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளைப் பெற்றவளுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கேயோ மணிப்பூரில் ஒரு வீட்டில், அந்த நேரத்தில், அவர்களும் ஒரு போனுக்குப் பக்கத்தில் பாதிக்குப் பாதி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். என் தங்கையின் பெயர் தெரியாமல், அது அந்த மற்றவளாக இருக்கட்டும் என்று அவர்கள் சாமியிடம் கேட்டிருக்கவும் கூடும். கேட்டிருந்தால் அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் கேட்டேனே.

மறுநாள் தங்கை மேடை ஏறினாள். முதல் தடவை கம்பியைத் தொட்டுவிட்டுத் தூக்காமலே திரும்பினாள் என்று பிறகு சொன்னாள். அடுத்த தடவை தூக்கினாள். பதக்கம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் கழித்து நினைவு வந்தது. கழுத்தில் பட்டையோடு பல மாதம் கிடந்து, நல்லபடியாக நடமாட ஆரம்பித்தாள். பளு மட்டும் அதற்கப்புறம் தூக்கவில்லை. காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அம்மா தினமும் விடியலில் கோயிலுக்குப் போனாள். அந்தப் பெண்ணின் பெயர் அவள் வாயில் கடைசி வரைக்கும் சரியாக நுழையவில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டி, மணிப்பூர்ப் பாப்பா என்றே சொன்னாள். பூசாரி நட்சத்திரம் கேட்டால் முறைத்தாள்.

தங்கை ஊருக்குத் திரும்பியபோது என் 'அப்பாடா'வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. அவளுக்கு இன்று ஒரு மகள் இருக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூட வேன் ஒன்று கவிழ்ந்த செய்தி வந்து, அது வேறு பள்ளி என்று தெரிந்த நிமிஷத்தில் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

இன்றைக்கும் செய்தியில் பெயர் சொல்லாமல் 'ஒருவர்' என்று வந்தால், என் மனம் முதலில் ஓடிப்போய் நம் வீட்டு ஆட்களை எண்ணிப் பார்த்துவிடுகிறது. எல்லாரும் பத்திரம் என்று தெரிந்த பிறகு, தொண்டைவரை வந்துவிட்ட அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு, எங்கேயோ போன் மணி அடிக்க எழுந்து போகிற இன்னொரு வீட்டை நினைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.