சனி, ஞாயிறு அவதி

பள்ளிச் சேர்க்கை நோட்டீஸை மஞ்சள் தாளில் அச்சிடுவது என்று கடந்த மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. ரோஸ் தாளுக்கு ஆதரவாக இருந்த ஒரே ஆசிரியை, பள்ளியின் எதிர்காலத்தைக் கருதித் தம் கருத்தை விலக்கிக்கொண்டார். தீர்மானத்தைக் குறிப்பேட்டில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அழைப்பு வந்தது. தங்கம் டீச்சர் இறந்துவிட்டார். ‘மஞ்சள்’ என்ற சொல்லின் கடைசிப் புள்ளி அந்தப் பக்கத்தில் இன்னும் வைக்கப்படாமல் இருக்கிறது.

அன்று காலையில்தான் அவர் என்னை அழைத்திருந்தார். “சாரே, கலர் எதுவா இருந்தாலும் சரி, சீக்கிரம் அடிங்க. எனக்குப் பயமா இருக்கு” என்றார். ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், மலையாளப் பள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் அரசுத் தமிழ்த் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஒவ்வொரு மே மாதமும் குடையோடு வந்து நிற்பார். பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

டீச்சரை அறிந்தவர்களுக்கு அவருடைய பயத்தையும் தெரியும். மழை, ஓட்டின்மேல் சாயும் தென்னை, சோற்றுப் பானையின் மேலே சுவரில் நிற்கும் பல்லி எல்லாவற்றுக்கும் பயந்தார். எல்லாவற்றையும்விட ஆறாம் வேலைநாளுக்குப் பயந்தார். பள்ளி திறந்த ஆறாவது நாளில் தலைகளை எண்ணுவார்கள். அன்று முதல் வகுப்பில் பிள்ளை இல்லையென்றால் அந்த வகுப்பு இல்லை. ஒரு வகுப்பு போனால் அடுத்த ஆண்டு அடுத்தது போகும். கண் பட்டுவிடும் என்று டீச்சர் பிள்ளைகளை எண்ண மாட்டார். வராந்தாவில் கிடக்கும் செருப்புகளை எண்ணி இரண்டால் வகுப்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூனில், நான்காம் வேலைநாள் வரை முதல் வகுப்பு வாசலில் ஒரு செருப்பும் இல்லை. நானும் அவரும் நோட்டீஸ் கட்டோடு மழையில் இறங்கினோம். மதியச் சோறு, பால், முட்டை, இலவசப் புத்தகம், சீருடை, கம்ப்யூட்டர், ‘சனி, ஞாயிறு அவதி’ என்று எங்கள் பெருமைகள் எல்லாம் அதில் இருந்தன. எழுதியவர் டீச்சர். பிழை திருத்தியவன் நான். மூன்று முறை படித்தேன்.

லைன் வீடு ஒன்றில் முத்துலட்சுமி இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவருக்கு ஓட்டலில் வேலை. ஆறு வயது மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முத்துலட்சுமி நோட்டீஸை ஒரு வரி விடாமல் படித்தார்.

“சோறு போடுவீய, முட்டை குடுப்பீய, எல்லாம் சரி. சனி, ஞாயிறு பிள்ளையள என்ன செய்வீய?”

“சனி, ஞாயிறு அவதில்லா” என்றார் டீச்சர்.

“அதான் கேக்கேன். எதுக்கு?”

“எதுக்குன்னா? பிள்ளைங்களுக்காகத்தான். சர்க்கார் ஆர்டர். எல்லா ஸ்கூலிலும் உண்டு.”

முத்துலட்சுமி மகளைத் தமக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிடி இளகவில்லை என்று கண்ட டீச்சர், இருப்பதிலேயே இனிப்பான செய்தியை எடுத்து வைத்தார்.

“ஓணத்துக்கு சேர்ந்தாப்ல பத்து நாள் அவதி. பிள்ளைங்க அதுக்காகவே காத்துக் கிடக்கும்.”

“நாங்க ஊருக்கே போயிருதோம் டீச்சர்.” கதவு சாத்தப்பட்டது.

முக்கு திரும்பும்போது டீச்சர் நின்றார். “சாரே, நமக்கு அவதின்னா என்ன?”

“லீவு.”

“அவங்க ஊர்ல?”

மலையாளத்தோடு பிறந்து வளர்ந்த எங்கள் தமிழுக்கு அது வெறும் விடுமுறை. முத்துலட்சுமியின் தமிழில் அது துன்பம், வதை. வாரம் இரண்டு நாளும் ஓணத்துக்குப் பத்து நாளும் குழந்தைகளை வதைப்பதாக ஓர் அரசுப் பள்ளி அச்சடித்து விளம்பரம் செய்திருந்தது. நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. “ஒரு அம்மா பிள்ளைய மறைச்சிட்டு நின்னா சாரே. நான் அவகிட்ட பத்து நாள்னு சொல்லிட்டேன்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே போனோம். வாசலில் இரண்டு பைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. டீச்சர் நோட்டீஸை விரித்து, ‘அவதி’யைச் சிவப்பு மையில் அடித்து, மேலே ‘லீவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பையிலிருந்து பள்ளி முத்திரையை எடுத்துக் குத்தினார். அதைப் பள்ளிக்கு வெளியே கொண்டுவருவது விதிமீறல். அந்தப் பயமும் அவர் முகத்தில் தெரிந்தது.

முத்துலட்சுமி முத்திரையைத் தடவிப் பார்த்தார். “அப்ப சனிக்கிழமை பிள்ளைய அடிக்க மாட்டீய?”

“சனிக்கிழமை அவ உங்க கூடத்தான் இருப்பா. அடிக்கிறதுன்னா நீங்கதான் அடிக்கணும்.”

முத்துலட்சுமியின் உதடு கொஞ்சம் அசைந்தது. ஆனால் பையை அவிழ்க்கவில்லை. “எனக்கு ஒங்க பேச்சு வெளங்கல டீச்சர். நாளைக்கு நீங்க ஒண்ணு சொல்லுவீய, நான் ஒண்ணு நெனைப்பேன். எம்பிள்ளைக்கு என்ன நடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது. பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவங்களக் கண்டா எனக்கே பயம். நீங்களும் வந்து பின்னால உக்காந்து பாருங்க.”

வந்தார். அன்றும் மறுநாளும் கடைசி பெஞ்சில், மகளைவிட ஒழுங்காகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஆறாம் நாள் எண்ண வந்த அதிகாரி அவரையும் சேர்த்து எண்ணத் தொடங்கியபோது, டீச்சர் மறுப்புச் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார். வகுப்பு தப்பியது. இந்த மார்ச்சில் அந்தப் பெண் நான்காம் வகுப்பை முடித்தாள்.

டீச்சரின் வீட்டில், உடலை எடுப்பதற்குச் சற்று முன், முத்துலட்சுமி ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் கொடுத்தார். “இத நீங்க வச்சுக்கிடுங்க சார். பிள்ளை நாலு முடிச்சிட்டா, எனக்கு இனி யார்ட்டயும் காட்ட வேண்டாம்.” உள்ளே அந்த நோட்டீஸ், சிவப்பு மையோடும் முத்திரையோடும். டீச்சருடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு நோட்டீஸ் மஞ்சள் தாளில் நன்றாக வந்தது. ‘விடுமுறை’ என்றே போட்டிருந்தோம். ஒரு பிழையும் இல்லை. ஆரியசாலைக் கடைகளிலும் பழவங்காடியிலும் கட்டுக்கட்டாக வைத்தோம். வீடுகளுக்கு யாரும் போகவில்லை. ஆறாம் வேலைநாளன்று முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பெயர் எதுவும் இல்லை.