சுடுகாட்டுப் பாதைச் செண்டுமல்லி

அய்யா, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஆடி மாதம் கூழ் வார்த்த அன்று, அம்மன் கோயில் வாசலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தெரிந்தே சொன்னீர்கள்.

படிக்கிறவர்களுக்கு அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளின் நடுவில், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், எங்கள் ஊர் ஓரமாக இடம் வாங்கி வீடு கட்டினார். வீட்டைச் சுற்றித் தோட்டம். அந்தத் தோட்டத்துக்கு நான் ஆள்.

வாரத்தில் மூன்று நாள் அவர் வீட்டில் வேலை. மற்ற நாட்களில் கிடைத்ததைச் செய்வேன். பெட்ரோல் பங்கில் புல் செதுக்கினேன். கல்யாண மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டினேன், மறுநாள் நானே அவிழ்த்து மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தேன். கிணறு தூர் வாரினேன். பொங்கலுக்கு முன் வெள்ளையடித்தேன். எந்த வேலையிலும் நான் கெட்டிக்காரன் இல்லை. கூப்பிட்டால் போவேன், அவ்வளவுதான்.

நான் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களில் அடுப்பை எரியவைத்தவள் என் மனைவி. உத்திரமேரூர் போய் உதிரிப் பூ வாங்கி வருவாள். மத்தியானம் முழுக்கக் கட்டுவாள். சாயங்காலம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். அவள் கட்டிய சரத்தில் இடைவெளி இருக்காது. முழம் போடும்போது கையைச் சுருக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை அவள் வரும்வரை விளக்கேற்றாமல் காத்திருந்த வீடுகள் உண்டு. அந்தப் பெயர் ஒன்றுதான் எங்கள் குடும்பத்துக்கு இருந்த சொத்து. அதை நான் தொலைத்தேன்.

எங்கள் தெரு ஊரின் கடைசித் தெரு. சுடுகாட்டுப் பாதை அதை ஒட்டிப் போகிறது. சாவு ஊர்வலத்தில் மாலையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். ஊருக்குள் விழுந்ததை உடனே கூட்டித் தள்ளிவிடுவார்கள். எங்கள் தெருப் பக்கம் விழுந்தது அப்படியே கிடந்து காயும். மழை பெய்தால் பாதையின் இரண்டு பக்கமும் செண்டுமல்லி தானாக முளைக்கும். எங்கள் பெண்கள் அந்தப் பூவைத் தலையில் வைக்கமாட்டார்கள், சாமி படத்துக்கும் போடமாட்டார்கள். பிடுங்கிப் போடவும் மாட்டார்கள். அது பாட்டுக்குப் பூத்துக் கிடக்கும். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

பொய் சொன்ன அந்த வருடம் கோயில்காரர்களிடம் அய்யா வாய் விட்டிருந்தார், கூழ் வார்க்கும் அன்று அம்மனுக்கு அலங்காரம் முழுக்கத் தன் தோட்டத்துப் பூதான் என்று. காஞ்சிபுரத்தில் நர்சரிக்குப் போய் நாற்று வாங்கி வருவதாகச் சொன்னவர் போகவேயில்லை. சித்திரைக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. பாத்தியைக் கொத்தி எரு போட்டுக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பேப்பரும் கையுமாக வந்து, நாற்றுக்கு என்ன வழி என்று என்னையே கேட்டார். ஊரில் எங்கும் முளைக்கவில்லையா என்றார்.

நான் மறைக்கவில்லை. "சுடுகாட்டுப் பாதையில மொளச்சிக்கினு கீதுங்க அய்யா. பொண மாலையிலேர்ந்து வுழுந்த வெத," என்றேன்.

அவர் சிரித்தார். "செடிக்குத் தெரியுமாடா எங்க முளைச்சோம்னு? எடுத்துக்கிட்டு வா. வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத."

இந்த இரண்டு வரிதான் எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற வழக்கு. கேட்டவர் வேறு யாரும் இல்லை.

அன்று மத்தியானம் களைக்கொத்து எடுத்துக்கொண்டு போனேன். கூடை பிடிக்க மனைவியைக் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

"வேணாம்யா. நம்ம தெருவுல கெடந்தா அது வேற. ஆத்தாளுக்குப் போறது வேற."

அய்யாவே சொல்லிவிட்டார், படித்தவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று கத்தினேன். அவள் கூடையைப் பிடித்தாள். நான் ஒவ்வொரு நாற்றாக மண்ணோடு பெயர்த்து வைத்தேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு, எதுக்கு என்று கேட்டாள். அய்யா வீட்டுக்கு என்றேன். அவள் போய்விட்டாள்.

செடிகள் வெறி பிடித்த மாதிரி வளர்ந்தன. ஆடியில் பாத்தி முழுக்க ஆரஞ்சும் மஞ்சளும். சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கூழ் வார்த்த அன்று விடியற்காலையில் பூவைப் பறித்துக் கொடுத்தேன். மாலை கட்டியது என் மனைவி. அவளுக்கு அன்று கூழ்க்குடம் எடுக்கிற வேண்டுதல். மஞ்சள் புடவை கட்டி, சாப்பிடாமல் உட்கார்ந்து கட்டினாள். அம்மனுக்கு மாலை சாத்தினார்கள். அய்யாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். குடம் எடுக்கிற பெண்கள் வரிசையில் நின்றிருந்தபோது, ஆட்டுக்காரப் பெண் மாலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, அன்னிக்கு சுடுகாட்டுப் பாதையில பேத்தியே, அந்தச் செடிப் பூவா இது? பொணத்து மேல போட்டத ஆத்தா கழுத்துல போட்டுட்டியா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டாள். மேளம் நின்றுவிட்டது. கோயில்காரர்கள் அய்யாவைப் பார்த்தார்கள். பரிவட்டம் தலையில் இருக்கிறது. அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. நர்சரி நாத்துன்னுதான் இவன் சொன்னான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அய்யாவிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். இரண்டு அடி வாங்கியிருப்பேன், தோட்ட வேலை போயிருக்கும். சரி, அதையும் விடுங்கள். நான்தான் எடுத்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கும் தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரிதான் எங்கிருந்தோ புடுங்கினு வந்து குட்த்தா."

ஆட்டுக்காரப் பெண், நானும்தான் பேத்தேன் என்று சொல்ல வந்தாள், அதற்குள் கூட்டம் என் மனைவி பக்கம் திரும்பிவிட்டது. அவள் பத்தடி தூரத்தில் குடத்தோடு நின்றிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு கிழவர் வந்து அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி ஓரமாக வைத்தார். வரிசையிலிருந்து வெளியே போகச் சொன்னார்கள். மாலையைக் கழற்றி, அம்மனுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மறுபடி பூஜை செய்தார்கள். அய்யா தலையிலிருந்த பரிவட்டத்தை யாரும் அவிழ்க்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள். "புடுங்கினது நீ. நான் கூடயத்தான் புடிச்சேன்." இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் அய்யா வீட்டுக்குப் போனேன். ஆமாம், போனேன். அவர் பாத்தியைக் காட்டி எல்லாவற்றையும் பிடுங்கி எரிக்கச் சொன்னார். பிடுங்கினேன். உள்ளேயிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார். "நல்லவேளை, சமாளிச்சிட்ட," என்றார். நான் அந்த டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகும் மூன்று வருடம் அங்கேயே வேலை பார்த்தேன்.

கூழ் வார்த்த அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் பூ கட்டிக்கொண்டு போனாள். ஒரு வீட்டிலும் திட்டவில்லை. இன்றைக்குப் பூ வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமும் வேண்டாம். கூடை நிறையத் திரும்பி வந்தது. ஒரு மாதம் பார்த்தாள். பிறகு கூடையைப் பரண்மேல் போட்டுவிட்டு நடவுக்கும் களையெடுக்கவும் போக ஆரம்பித்தாள். பூக் கட்டிய விரல்கள் சேற்றில் வெடித்தன. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இவ்வளவையும் போன ஆடியில் கோயில் வாசலில் நின்று சொன்னேன். பொய் சொன்னது நான், பிடுங்கியது நான், அவள் வேண்டாம் என்றாள் என்று சொன்னேன். ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். குடித்திருக்கிறான் என்று ஒருவன் சொன்னான். நான் குடிக்கவில்லை. அய்யா முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெயிலைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். அதற்கு மன்னிப்பு கிடையாது என்று எனக்குத் தெரியும், கேட்கவும் இல்லை. உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது, அய்யா. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டாம். வருகிற ஆடியில் உங்கள் பெயரை வாசிக்கிற அதே மைக்கை வாங்குங்கள். குடம் எடுக்கிற பெண்கள் வரிசையில் நிற்கும்போது, அவளும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: சுடுகாட்டுப் பாதை என்று நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா?