ஹெல்மெட் மட்டும் வைத்திருந்தவள்

கேரித் தீவிலிருந்து ஷா ஆலம் ஒன்றும் தூரமில்லை என்று கார் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். எனக்குக் காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. கிள்ளானில் நான் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை மூடப்படும்வரை அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. அந்தத் தொழிற்சாலையின் பஸ் எங்கள் தோட்டக் குடியிருப்பு முனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அது வராமல் போன பிறகுதான் ஒவ்வோர் இடமும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று புரிந்தது.

வேலை கேட்டுப் போன் செய்தால் வயதைக்கூடக் கேட்பதற்கு முன் "சொந்த வண்டி இருக்கா?" என்பார்கள். இல்லை என்றால் "சரி, கூப்பிடுறோம்" என்று வைத்துவிடுவார்கள். யாரும் கூப்பிட்டதில்லை. வேறு வேலை கிடைக்காவிட்டால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கத்தான் போக வேண்டும். என் முதுகு அதற்கு ஒரு மாதம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டு அக்கா தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இத கையில புடிச்சிக்கிட்டு போ. மோட்டர் எங்கனு எவன் எந்திரிச்சி வந்து பாக்கப் போறான்?"

"எனக்கு ஓட்டவே தெரியாதேக்கா."

"ஹெல்மெட்ட தூக்கறதுக்கு லைசன்ஸ் வேணுமாலா?"

எங்கள் பக்கத்தில் வண்டி இல்லாத பெண்கள் வேலை கேட்கப் போகும்போது செய்வதுதான் இது. பஸ்ஸில் ஹெல்மெட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் எங்கே போகிறாள் என்று கேட்கவே வேண்டியதில்லை.

அன்று காட்டுத்தீப் புகைமூட்டம் கடுமையாக இருந்தது. கிள்ளானுக்கு ஒரு பஸ், பிறகு ரயில், பிறகு இன்னொரு பஸ். அது தொழிற்பேட்டைக்கு உள்ளே போகாது என்று ஓட்டுநர் சாலை முனையில் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடந்தேன். காலைநேரம்தான், ஆனால் நிழலே விழவில்லை. சூரியன் இருக்கும் இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். நடைபாதை கிடையாது. இரண்டு பக்கமும் நீளமான சுவர்கள், பூட்டிய கதவுகள். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை.

ஒரு வளைவுச் சந்தியைக் கடக்கும்போது எதிரே வந்த மோட்டார்க்காரர் வேகத்தைக் குறைத்தார். வழி கேட்கலாம் என்று ஹெல்மெட் பிடித்த கையைத் தூக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார், உடனே முறுக்கிக்கொண்டு போய்விட்டார். கொஞ்சம் தள்ளி ஒரு வேனில் நாசி லெமாக் சோறு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். விற்கும் பெண் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒன்றும் கேட்காமல் நடந்தேன். நான் புகைக்குள் மறையும்வரை பின்னால் பேச்சுக்குரல் எழவேயில்லை.

தொழிற்சாலை வாசலில் ஒரு வயதான தமிழர் காவலுக்கு இருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். முகத்தை விட்டுவிட்டு என் கால்களையே பார்த்தார்.

"அங்கிள், வேலைக்கு ஆள் எடுக்கறாங்கனு கேள்விப்பட்டு வந்தேன்."

"கொஞ்சம் முன்னால வா. தரையில மிதி. நல்லா மிதி."

மிதித்தேன். செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"என் உசுரே போச்சும்மா. ஹெல்மெட்ட வெச்சிக்கிட்டு இந்த ரோட்டுல நடந்து வரலாமா? இங்க நடக்குறது ஒரே ஒருத்திதான்."

அவர் சொன்னது இதுதான். பெட்டி கட்டும் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். பந்திங் பக்கத்திலிருந்து தினமும் மோட்டாரில் வருவாள். ஒருநாள் விடியும் முன்பே அந்த வளைவுச் சந்தியில் லாரி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஹெல்மெட்டோடு அவள் நடந்து வருவதைப் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்களாம். மோட்டாரைத் தேடுகிறாளாம்.

"அவ இடத்துக்குத்தான் இப்ப ஆள் எடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்தார்.

உள்ளே போகும் வழியில் தொழிலாளர் விடுதி ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் பையன்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்கு முற்றத்தைத் தாண்டினால் வேலை. பக்கத்துத் தீவில் இருக்கும் எனக்குத்தான் அது எட்டவில்லை.

அலுவலகத்தில் இருந்தவள் சின்னப் பெண், தமிழ்ப்பெண். என் கையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்கேருந்து வரீங்க ஆன்டி?"

"கேரித் தீவு."

"ஏழு மணிக்கு ஷிப்ட். முன்னால இந்த வேலையில இருந்த அக்காவும் தூரம்தான். லேட்டானா பேர் கெட்டுடும்னு எப்பவும் சீக்கிரமா..." அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள். "மோட்டர் இருக்குல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். அவள் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தாள் என்று தோன்றியது. அந்தப் பதிலுக்குப் பயந்தாள் என்றும் தோன்றியது. எனக்குப் பின்னால் யாரோ நின்று என் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல முதுகு குளிர்ந்தது.

"இல்லம்மா. இது பக்கத்து வீட்டு அக்காவோடது."

"அப்ப எப்படி வந்தீங்க?"

"நடந்து."

அவள் சன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் புகை. "கிட்ட இருக்கற ஆளா பாத்துக்கறோம் ஆன்டி" என்றாள். சொல்லும்போது அவள் தோள்கள் தளர்ந்ததைக் கவனித்தேன்.

திரும்பி நடக்கும்போது புகை இன்னும் இறங்கியிருந்தது. வளைவுச் சந்தியில் எந்தச் சாலை வழியாக வந்தேன் என்பது எனக்கே குழம்பிவிட்டது. அங்கேயே நின்றேன். ஒரு கார் மெல்ல வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே ஒரு தமிழர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா... இங்க என்ன செய்றீங்க?"

"அந்த பெக்டரிக்கு வேலைக்கு வந்தேண்ணே. உள்ள எடுத்துக்க மாட்டேனுட்டாங்க."

அவர் உதடு ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தது. கண்ணாடி ஏறியது. கார் புகைக்குள் போய் மறைந்தது. கிள்ளான் போகும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அவரிடம் கேட்க நினைத்திருந்தேன்.